படுக்க மறுத்தவர்

முதன்முதலாக நான் பார்த்தபோது அவர் கட்டில் விளிம்பில் குந்தியிருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தாடையை முன்னே நீட்டி, வாயைச் சற்றே திறந்து வைத்திருந்தார். எச்சிலை விழுங்க முடியாததால் அது ஒழுகியபடி இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி தோளில் கிடந்த துவாயால் அதைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். நோயாளர் வாட்டில் இருந்த தாதி அவரைப் படுக்க வைக்கப் பார்த்து, முடியாமல்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"படுங்க எண்டா கேக்கிறாரில்ல டொக்டர்," என்றார் தாதி.

"படுத்தா மூச்சு அடைக்கிது. பொறகு எப்பிடிப் படுக்கிற?" என்றார் மனைவி. "ராவெல்லாம் செவுத்துல சாஞ்சிதான் இரிக்காரு. கண்ணயர்ந்தா திடுக்கிட்டு எழும்புறாரு."

படுக்க வைக்க வேண்டாம் என்று தாதியிடம் சொன்னேன். அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தன் பக்கம் பேச ஒருத்தி வந்துவிட்டாள் என்பதுபோல ஒரு பார்வை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. கல்முனைப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டொக்டராக இருந்தேன். கரையோரமாக இருந்த சிறிய ஆஸ்பத்திரிகள் அழிந்துபோனதால் எல்லோரும் எங்களிடம்தான் வந்தார்கள். நடைபாதையிலும் பாய் விரித்து நோயாளிகளைக் கிடத்தியிருந்தோம். என் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள், ஆளைத் தூங்க வைக்கிற வேலை என்று நினைப்பார்கள். தூங்க வைப்பது அதில் லேசான பகுதி. தூங்கியவருடைய மூச்சு போய்வருகிற வழியை மூடவிடாமல் காப்பதுதான் மிச்சமெல்லாம்.

அவர் சம்மாந்துறைக்காரர். உழவு இயந்திரம் வைத்திருந்தார். வயலில் நெல் நின்ற காலம் என்பதால் இயந்திரத்துக்கு உழவு வேலை இல்லை. கடல் வந்த அன்று செய்தி கேட்டதும் பின்னால் இழுக்கிற பெட்டியைக் கொழுவிக்கொண்டு கரைக்கு வந்தவர், பிறகு பல நாட்கள் வீட்டுக்கே சரியாகப் போகவில்லை. முதலில் காயப்பட்டவர்களை ஏற்றினார். அடுத்த நாளிலிருந்து ஏற்றியதெல்லாம் உயிர் இல்லாதவர்கள். மருதமுனை, பெரியநீலாவணை, பாண்டிருப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கிறார். அதற்கு நடுவில்தான் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கத் தொடங்கியிருக்கிறது. கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். முகாமில் யாரோ கொடுத்த குளிசை சிலவற்றை விழுங்கியிருக்கிறார்.

"பல்ல காட்டுங்க, காட்டுங்க எண்டு நான் எவ்வளவு சொன்ன," என்றார் மனைவி. "மையத்துகள் கிடக்கக்குள்ள பல்லக் காட்டப் போறயா எண்டு கேட்டாரு. அதுக்கு நான் என்னத்தச் சொல்ற?"

தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். பலகைபோல இறுகியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். என் ஒரு விரல்கூட உள்ளே போகாது. அந்த இடைவெளியில் நாக்குத்தான் தெரிந்தது. அடியில் கட்டிய சீழ் அதை மேலே தூக்கிப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. ஒவ்வொரு முறை மூச்சை உள்ளே இழுக்கும்போதும் மரத்தை அராவுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

சீழை வெட்டி எடுக்க வேண்டும், அதற்கு மயக்க வேண்டும். ஆனால் மயக்கினால் அவர் இறந்துவிடக்கூடும். விழித்திருக்கும் வரை அவருடைய தொண்டைத் தசைகள்தான் அந்தக் கொஞ்ச வழியையும் பிடித்து வைத்திருந்தன. மருந்து கொடுத்த கணத்தில் அவை தளர்ந்துவிடும், நாக்கு பின்னால் விழும். அதற்குப் பிறகு முகமூடியை வைத்து அழுத்தினாலும் காற்று இறங்காது. வாய் திறக்காததால் குழாய் செலுத்தும் கருவியை நுழைக்க முடியாது. தொண்டைக்குள் வைக்கிற றப்பர் முகமூடியும் அதே காரணத்தால் போகாது. மூக்கு வழியாக வளைந்து போய்ப் பார்க்கிற கமெராக் குழாய் அன்று எங்களிடம் இல்லை. அது இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் பாலங்கள் உடைந்து, பாதை சுற்றிப் போயிற்று. அம்புலன்சின் குலுக்கலில் அவர் வழியிலேயே முடிந்துவிடுவார்.

சத்திரசிகிச்சை நிபுணரைக் கூப்பிட்டேன். அவர் கல்முனைத் தமிழர், என்னைவிட மூத்தவர். கடல் வந்த காலையில் அவருடைய மாமியார் பெரியநீலாவணை வீட்டில் இருந்தவர். உடல் கிடைக்கவில்லை. அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை. தினமும் நேரத்துக்கு வந்து வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டுப் போனார்.

நோயாளியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார்.

"இருந்தபடியே செய்வம்," என்றார். "முழிச்சிருக்கட்டும். விறைப்பு ஊசி போட்டு, கழுத்தில வழி எடுத்து, குழாய் வச்ச பிறகு நீங்க மயக்குங்க."

"இடையில அடைச்சா?"

"அடைச்சா உடன மேல, குரல்வளைக்கிட்ட வெட்டுறதுதான். இடத்தக் குறிச்சி வைங்க."

மனைவியிடம் சொல்ல வேண்டியது என் பங்கு. எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரனைக் காக்கா என்றும் மூத்த சகோதரியைத் தாத்தா என்றும் சொல்வோம். அப்படித்தான் கூப்பிட்டேன்.

"தாத்தா, அவர்ர வாயாலயும் மூக்காலயும் காத்துப் போறது குறஞ்சி வருது. கழுத்துல சின்னதா ஒரு வழி எடுத்து அதால மூச்சு விட வைக்கப் போறம். வீக்கம் வத்தினதும் மூடிரும்."

 ஆடு மாடு அறுத்துக் குர்பான் கொடுக்கிற ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டிய காலம் அது.

"கழுத்துல கத்தி வைக்கிறண்டா," என்றார், "அறுக்கிற மாதிரித்தானே டொக்டர்?"

எங்கள் கரையில் கழுத்தில் கத்தி என்பதற்கு யுத்தம் வேறு பொருள்களையும் கொடுத்திருந்தது. அவர் அவற்றைச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

"அறுக்கிறண்டா குறுக்கால நரம்பெல்லாம் போகும். இது நடுவுல, விரல் நுனியளவு. காத்துக் குழாயில மட்டும்."

"நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"ஓம். தலைமாட்டுல நிப்பன்."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கையை உயர்த்திச் சம்மதம் என்று காட்டினார். கதைக்க அவருக்கு மூச்சு மிஞ்சவில்லை.

முற்பகல் வெளிச்சத்திலேயே சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். மேசையின் முதுகுப் பக்கத்தை நாற்காலிபோல உயர்த்தி இருக்க வைத்தேன். மூக்கருகில் ஒட்சிசன் விட்டேன். பிறகு கழுத்தைத் தடவி அந்த இடத்தைத் தேடினேன். தொண்டையில் முன்னே துருத்துகிற மேட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு அடியில் இருப்பது மெல்லிய சவ்வு. அதற்குப் பின்னால் நேரே காற்றுக் குழாய். மெலிந்த மனிதரில் கண்ணை மூடிக்கொண்டு தொடலாம். இவருக்கு வீக்கம் அந்தப் பள்ளம் வரை இறங்கியிருந்தது. விரலை அழுத்தி, அவர் முனகி, நான் பொறுங்க காக்கா என்று சொல்லி, மறுபடி அழுத்தி, கடைசியில் பள்ளம் தட்டுப்பட்டது. பேனையால் புள்ளி வைத்தேன். கத்தி, பூஜி என்று நாங்கள் சொல்லும் வளைந்த நுனியுள்ள நீண்ட குச்சி, ஒடுக்கமான குழாய் ஒன்று, இவற்றைத் தனித் தட்டில் வைத்துத் தாதியிடம் கொடுத்தேன். தேவைப்படாமல் போனால் அப்படியே திருப்பி வைத்துவிடுவது வழக்கம்.

நிபுணர் புள்ளிக்குக் கீழே, கழுத்தடியில் விறைப்பு ஊசியை ஏற்றினார். நான் நோயாளியின் காதருகில் கதைத்துக்கொண்டிருந்தேன். என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. அவருடைய இயந்திரத்தைப் பற்றி ஏதோ கேட்டிருப்பேன். இரண்டாவது முறை ஊசி இறங்கியபோது அவர் இருமினார். இருமல் முடிந்தது. அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் வரவில்லை.

பக்கத்தில் நிற்பவர்கள் அதைச் சுகம் என்று நினைத்துவிடுவார்கள். அந்த அராவும் சத்தம் இருந்த வரை காற்று போய்வந்தது. இப்போது நெஞ்சு மட்டும் உள்ளே இழுபட்டது, காற்று இல்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. பிறகு விட்டுப்போயிற்று. தலை சரிந்தது.

முகமூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன், தாதி காற்றுப் பையை அமுக்கினார். பை இறுகியது, நெஞ்சு உயரவில்லை. விரலில் மாட்டியிருந்த கருவியின் சத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் இறங்கிக்கொண்டே போனது. ஒட்சிசன் குறையக் குறைய அந்தச் சத்தம் தடித்துக்கொண்டு வரும். 

"காத்து இறங்கல்ல சேர். வெட்டுங்க," என்றேன்.

இந்த வார்த்தையைச் சொல்வதுதான் இதில் கடினமான பகுதி என்று புத்தகங்களில் இருக்கிறது. இன்னொரு முறை முகமூடியைச் சரிசெய்து பார்ப்போம், இன்னொரு முறை வாயைத் திறந்து பார்ப்போம் என்று டொக்டர்மார் தாமதித்துத்தான் ஆட்கள் போகிறார்கள். அன்று எனக்கு அது கடினமாக இருக்கவில்லை. முன்கூட்டியே கதைத்து வைத்திருந்ததால், அது ஏற்கெனவே எடுத்த முடிவாக இருந்தது.

முதுகுப் பக்கத்தைத் தாழ்த்தி, அவருடைய தோளுக்குக் கீழே துணிச் சுருளைச் செருகினோம். நிபுணர் புள்ளியின் மேல் நெடுக்காக வெட்டினார். இரத்தம் நிறைந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வெட்டுக்குள் விரலை விட்டு, சவ்வைத் தொட்டு, அதே விரலின் ஓரமாகக் கத்தியைக் குறுக்கே குத்தினார்.

"இந்தா, என்ட விரலுக்குப் பக்கத்தால," என்றார்.

நான் பூஜியை அவருடைய விரலை ஒட்டி இறக்கினேன். அதன் நுனி வளையம் வளையமாகத் தட்டிக்கொண்டு போவது என் கைக்குத் தெரிந்தது. அப்படித் தட்டினால் காற்றுக் குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். அதன் மேலாகக் குழாயைச் சுழற்றித் தள்ளி, பூஜியை உருவினேன். குழாய் வழியாக ஒரு இருமல் வெடித்து வந்தது. என் கண்ணாடியில் இரத்தம் தெறித்தது. பையை மாட்டி அமுக்கினோம். நெஞ்சு உயர்ந்தது.

கருவியின் சத்தம் உடனே ஏறாது. அவருடைய கறுத்த உதடுகளைப் பார்த்தபடி நின்றோம்.  பிறகு அது மெதுவாக ஏறத் தொடங்கியது. நிபுணர் கையுறையை மாற்றிக்கொண்டு, "இனி நீங்க மயக்கலாம்," என்றார்.

சீழை எடுத்தார்கள். பல்லைப் பிடுங்கினார்கள். மேலே வைத்த குழாயை அதிக நாள் விடக் கூடாது என்பதால், கழுத்தடியில் முறையாக வழி எடுத்து அங்கே மாற்றினார்கள். வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் துவாயைக் கையில் சுற்றியபடி வாங்குப் பலகையில் குந்தியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கண் முழிச்சாரா?" என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப நான் பொறகு அழுறன்," என்றார்.

குழாய் இருக்கும் வரை அவரால் கதைக்க முடியாது. காற்று குரல் நாண்களுக்குப் போகாமல் கீழேயே வெளியேறிவிடும். அவர் கை அசைவால் கேட்பார், மனைவி அதைக் கதையாக்கிச் சொல்வார். பாதி பிழையாக இருக்கும். அவர் தலையை ஆட்டி மறுப்பார். அடுத்த கட்டில்காரர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

அந்த நாட்களில் ஒரு காலை நிபுணர் குழாயைச் சுத்தம் செய்ய வந்தார். சாதாரணமாக அது அவர் செய்கிற வேலை இல்லை. நான் எதிர்க் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை முடித்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"நீங்க பெரியநீலாவணைப் பக்கம் ஆக்கள ஏத்தினதா உங்கட மனிசி சொன்னாங்க."

நோயாளி தலையசைத்தார்.

"வயசான அம்மா ஒராள். உயரம் குறைவு. கையில ஒரு வெள்ளிக் காப்பு."

நோயாளி அவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். குழாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. மனைவி குறுக்கிட வாயெடுத்தார், அவர் கையைக் காட்டித் தடுத்தார். நிபுணர், "பரவாயில்ல, பிறகு," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

வீக்கம் வற்றியது. குழாயை எடுத்து, துவாரத்தைப் பஞ்சால் மூடினோம். விரலால் அதை அழுத்திப் பிடித்துக் கதைத்துப் பாருங்கள் என்றேன். அவருடைய குரல் கரகரத்து வந்தது. மனைவியிடம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பெரிய டொக்டரக் கூப்பிடுங்க," என்றார்.

நிபுணர் வந்தார். நோயாளி துவாரத்தில் விரலை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"சேர், நான் ஏத்தின ஆக்கள்ள வயசான பொம்புளயள் இருந்தாங்க. முகம் பாக்கல்ல. பாத்தாலும் தெரியிற மாதிரி இருக்கல்ல. காப்பு இருந்தெண்டு நான் சொன்னா பொய்."

"சரி."

"எங்க இறக்கினண்டு தெரியும். இடத்தக் காட்ட ஏலும்."

நிபுணர் அவருடைய கட்டிலில் அமர்ந்தார். நோயாளியின் கட்டிலில் அவர் அமர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வீட்டுக்குப் போய்ச் சில நாட்களுக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் நிபுணருடைய காரில் அந்த இடத்துக்குப் போனார். நான் போகவில்லை. கிளினிக்குக்கு வந்தபோது அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். சவுக்கு மரங்களுக்கு உட்பக்கமாக, ஏற்றி வந்தவர்களைச் சேர்த்துப் புதைத்த மணல் மேடு. நிபுணரும் அவருடைய மனைவியும் கற்பூரம் கொளுத்தினார்கள். அந்த அம்மாவின் பெயர் என்ன என்று இவர் கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறார்கள். இவர் சற்றுத் தள்ளி நின்று தனக்குத் தெரிந்ததை ஓதியிருக்கிறார்.

"அவ அங்கதான் இரிக்காவோ இல்லயோ, ஆருக்குத் தெரியும்," என்றார் என்னிடம். "ஆனா அவருக்கு நிக்க ஒரு இடம் வேணும்தானே."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு வேலையைத் தொடங்கினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அன்று நானும் நிபுணரும் இல்லாமல் இருந்திருந்தால், கழுத்தில் அந்தப் பள்ளத்தைத் தேடி வெட்ட யாருக்கும் கை வந்திருக்காது. படித்திருப்பார்கள், செய்திருக்கமாட்டார்கள். ஆட்டின் காற்றுக் குழாய் மனிதருடையதைப்போலவே வளையங்களும் சவ்வும் கொண்டது. அதன் மேல் ஒரு துணியை இழுத்துக் கட்டினால் தோல்போல இருக்கும். சம்மாந்துறையில் தெரிந்த இறைச்சிக் கடை இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். அடுத்த கிளினிக்குக்கு ஒரு பையோடு வந்தார். பிறகு மாதாமாதம் கொண்டுவந்தார். புதிதாக வேலைக்கு வரும் டொக்டர்மாரை மேசையைச் சுற்றி நிறுத்தி, கண்ணைக் கட்டி விரலால் தேடி வெட்டப் பழக்கினேன். அவர் மட்டும் உள்ளே வரமாட்டார். பையைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு அப்பால் போய் நிற்பார். கழுத்தில் ஒரு கையை வைத்திருப்பார்.

அப்படிப் பழகியவர்களில் ஒருவர் தெற்கிலிருந்து வந்த சிங்கள டொக்டர். நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்ட பெண். நான்கு வருடங்கள் கழித்து, யுத்தம் முடிகிற மாதங்களில், காயப்பட்டவர்கள் வந்து குவிந்த வடக்குப் பக்க ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். ஒரு மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மெடம், நான் செஞ்சேன்," என்றார்.

"என்ன செஞ்சீங்க?"

"ஒரு அம்மா. தாடை இல்ல மெடம். வாய் எங்க எண்டே தெரியல்ல. விரலால தேடினேன். கிடைச்சது."

"இப்ப?"

"மூச்சு விடுறாங்க. வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. பேர் தெரியாது மெடம். கதைக்க முடியாதுதானே, கேக்க முடியல்ல."

பின்னணியில் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. வைத்துவிட்டார். அந்தப் பெண்மணி பிழைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த டொக்டருக்கும் தெரியவில்லை.

சில கிழமைகளில் யுத்தம் முடிந்தது. எங்கள் வீதியில் கொடி கட்டினார்கள், பட்டாசு வெடித்தார்கள். அடுத்திருந்த தமிழர் தெருவில் கதவுகள் மூடிக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் அன்றைய பட்டியலில் இருந்த சத்திரசிகிச்சைகளைச் செய்தோம். நிபுணர் வழக்கம்போல வந்தார், வழக்கத்தைவிடக் குறைவாகக் கதைத்தார்.

அந்த மாதம் பையோடு வந்தவரிடம் வடக்குப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எந்த ஊர் ஆளாம்?"

"தெரியா காக்கா."

"புள்ளயள் இரிக்காமா?"

"அதுவும் தெரியா."

அவர் பையை என்னிடம் நீட்டினார். பிறகு, இனிமேல் மாதாமாதம் வருவது சந்தேகம் என்றார். அவருடைய வாப்பாவின் காணி மேற்கே உள்ள வட்டையில் இருந்தது. வட்டை என்று எங்கள் பக்கத்தில் பெரிய வயல்வெளியைச் சொல்வோம். யுத்தத்துக்குப் பயந்து வருடக்கணக்காக யாரும் அந்தப் பக்கம் போகாமல் காடு பற்றிக் கிடந்தது. பெரும்போக விதைப்புக்கு முன்னால் வெட்டி உழ வேண்டும்.

"ஏலுமா உங்களுக்கு? தூசிக்கு இருமல் வருமே," என்றேன்.

"வரும். துணி கட்டிக்கிட்டுப் போவன்," என்றார். குரல் அதற்குப் பிறகு பழையபடி ஆகவேயில்லை. கரகரப்பாகவே நின்றுவிட்டது. இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கூப்பிட முடியாததால் ஒரு விசிலை நூலில் கட்டி மாட்டியிருந்தார்.

அடுத்த மாதம் நானே முச்சக்கர வண்டியில் சம்மாந்துறைச் சந்தைக்குப் போனேன். இறைச்சிக் கடைக்காரர் என்னைத் தெரியாதவர். ஆட்டின் காற்றுக் குழாய் வேண்டும் என்றேன்.

"அதுல இறைச்சி இல்லயே தங்கச்சி. பூனைக்கா?"

"இல்ல. டொக்டர்மாருக்குப் படிக்க."

அவர் கத்தியைத் துடைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கொழுவியிருந்த ஆட்டின் பக்கம் திரும்பி, "மேல் பக்கத்தோட வேணுமா, கீழ மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

அந்தப் பள்ளம் இருப்பது மேலேதான். மேல் பக்கத்தோடு வேண்டும் என்றேன்.